‘கணினியில் சோதித்தாயிற்று’ என்ற வரி முழுமையானதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலமோ, அணுமின் நிலையமோ, விமானமோ, பெரிய அரங்கின் கூரையோ, எதுவானாலும் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் செய்திகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: “கணினி சிமுலேஷன் மூலம் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பானது என உறுதி செய்யப்பட்டுள்ளது.” இயந்திரப் பாகங்களும் கட்டமைப்புகளும் எவ்வளவு பளு தாங்கும், எப்போது பழுதாகும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வதையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. பாதியில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. எந்த அனுமானங்களை வைத்துக் கணக்கிட்டார்கள், வந்த விடையை எந்த அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்ற இரண்டும் கூடவே சொல்லப்படாவிட்டால், அந்த வரியைப் படித்து வாசகர் தெரிந்துகொள்வதற்கு எதுவும் இல்லை.

முதலில் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சேர வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். ஒரு கார் சுவரில் மோதி நசுங்குவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும். அதைக் கணினியில் நடத்திப் பார்க்கும்போது, காரின் தகடுகளையும் சட்டங்களையும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வளைந்தது, எவ்வளவு மடிந்தது, பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுத்தது என்று ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இடைவெளியில் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறோம். இடைவெளி அவ்வளவு குறுகியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எஃகில் அதிர்வலை நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 5 மில்லிமீட்டர் கட்டம் ஒன்றைக் கடக்க அதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். அதைவிட நீண்ட இடைவெளி விட்டுக் கணக்கிட்டால் கணக்கு நிலைகுலைந்து பொருளற்ற எண்களைக் கொட்டத் தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பத்தில் ஒரு நொடியை நடத்தி முடிக்கவே ஒரு லட்சம் முறை கணக்கிட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் பலனாக, ஓர் உண்மையான காரைக்கூட நொறுக்குவதற்கு முன்பே, கதவுத் தூணின் தடிமனை அரை மில்லிமீட்டர் கூட்டினால் உள்ளே இருப்பவரின் மார்புக்கூட்டுக்கு என்ன நேரும் என்று நூறு விதமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள முடிகிறது. அணையை உடைத்துப் பார்த்துக் கட்ட முடியாது. அணு உலையை உருக்கிப் பார்த்து வடிவமைக்க முடியாது. அந்த இடங்களில் கணினியில் நடத்தும் ஒத்திகையைத் தவிர நமக்கு வேறு வழியே இல்லை. சிமுலேஷனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் செய்தியில் வருவதில்லை, ஏனென்றால் அந்த விபத்துகள் நடக்கவே இல்லை. இதை நன்றியோடு ஒப்புக்கொண்ட பிறகே மேலே எழுதுகிறேன்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே நிலத்துக்குள் புகுந்த ஒரு குறுகிய கடற்பகுதியில் நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை. வட கடலில் எரிவாயு எடுப்பதற்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ‘ஸ்லைப்னர் ஏ’ மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை, மேல்தளத்தை ஏற்றுவதற்கு முந்தைய சோதனையாக, மெல்ல மெல்ல நீரில் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் 24 உருளை அறைகளைக் கொண்டது அந்த அடித்தளம். மூன்று உருளைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோண வடிவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் கடல்நீர் புகுந்து நின்று, சுற்றியுள்ள சுவர்களை அறைகளின் உட்புறம் நோக்கி அழுத்தும். அப்படி ஒரு சுவர் உடைந்தது. உள்ளே பாய்ந்த நீரை இறைத்து வெளியேற்ற அங்கிருந்த பம்புகளால் முடியவில்லை. 20 நிமிடத்துக்குள் முழு அடித்தளமும் மூழ்கி, கடலடியில் மோதிச் சிதறியது. அந்த மோதல் நில அதிர்வுக் கருவிகளில் ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. உயிரிழப்பு இல்லை, பொருளிழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

அந்தச் சுவர்களும் கணினியில் சோதிக்கப்பட்டவைதான். பயன்படுத்திய மென்பொருளும் பேர்போனது, பல்லாண்டுகளாக விமானங்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் பயன்பட்டு வந்தது. ஆனால் அந்த முக்கோண மூலைகளைக் கட்டங்களாகப் பிரித்த விதம் மிகவும் பருமட்டாக இருந்ததால், சுவரின் முனையில் வரும் வெட்டு விசை (சுவரைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் விசை) இருக்க வேண்டியதைவிட 47 சதவீதம் குறைவாகக் கணக்கில் வந்தது. குறைத்துக் காட்டிய அந்த எண்ணை வைத்துச் சுவரின் தடிமனையும் உள்ளே வைக்கும் கம்பிகளின் நீளத்தையும் தீர்மானித்துவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு கட்டங்களை நுணுக்கமாக்கிக் கணக்கிட்டபோது, இந்த வடிவமைப்பு 62 மீட்டர் நீரழுத்தத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலிப்பது இந்த இரண்டு எண்களின் நெருக்கம்தான். முறையாகக் கேட்டிருந்தால் அதே கணினி சரியான பதிலைச் சொல்லியிருக்கும். இன்னும் சொல்லப்போனால், கணினியே தேவைப்பட்டிருக்காது. 65 மீட்டர் நீர் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவர்மீதும் ஏறத்தாழ 65 டன் எடையோடு அழுத்துகிறது. அதைச் சுவரின் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஒரு முனை தாங்க வேண்டிய விசை கைக்கணக்கிலேயே வந்துவிடும். முதலாண்டுப் பொறியியல் மாணவர் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு அது. கணினியின் விடை அந்தத் துண்டுக் காகிதத்தோடு ஏன் முரண்படுகிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், அது மிகச் சிறியது என்றாலும். தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில், நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் ஓடும் ஒரு பெரிய பம்பின் எஃகு அடிச்சட்டத்தை ஆராயும் வேலை என்னிடம் வந்தது. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25 துடிப்பு; சட்டத்தின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) அதற்கு அருகில் இருந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் அதிர்வு ஏறிக்கொண்டே போகும். நான் கணக்கிட்டதில் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 38 என வந்தது. போதுமான இடைவெளி இருக்கிறது என்று நிம்மதியாக அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வண்ணப் படங்களோடு அறிக்கை பார்க்க அழகாக இருந்தது. பம்பை நிறுவி ஓட்டிய முதல் நாளே சட்டம் நடுங்கியது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் விரல் மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கியது. பம்பை நிறுத்திவிட்டு, சட்டத்தின்மேல் ஓர் அதிர்வு உணரியை ஒட்டி, ரப்பர் முனை வைத்த சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டி, அது எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று அளந்தோம். நொடிக்கு 27 என்று வந்தது.

கணினியில் தவறேதும் இல்லை. சட்டத்தின் கால்கள் அடித்தளத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்று நான்தான் அதனிடம் சொல்லியிருந்தேன். மென்பொருளில் அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. ‘நிலையாகப் பொருத்து’ என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் புள்ளிகள் உலகம் அழிந்தாலும் அசையாது. உண்மையில், அடித்தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நிரப்பியிருந்த காரையில் பாதிக்குமேல் வெற்றிடம் இருந்தது; ஒரு பக்கத்துத் தகட்டின் கீழே மெல்லிய உலோகத் தாளைச் செருகினால் தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. சட்டத்தின் விறைப்பு நான் நினைத்ததில் பாதியாகிவிட்டிருந்தது. காரையை இடித்தெடுத்து மறுபடி நிரப்பிய பின் சரியானது. அதன் பிறகு என் அறிக்கைகள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்திலேயே, ‘இந்த விடைகள் பின்வருவனவற்றை உண்மையென்று வைத்துக்கொண்டு பெறப்பட்டவை’ என்ற தலைப்பில் அனுமானங்களை எழுதிவருகிறேன். சில வாடிக்கையாளர்களுக்கு அது பிடிப்பதில்லை. நம்பிக்கையில்லாமல் எழுதுவதுபோல் இருக்கிறது என்பார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. நான் எடுத்ததில்லை.

அளவீடு கையில் கிடைத்தும் கணினியையே நம்பியதன் விளைவை 1978இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம் பார்த்தது. அங்கிருந்த உள்விளையாட்டரங்கின் கூரை, எஃகுத் தண்டுகளை முப்பரிமாணச் சட்டமாகப் பின்னி அமைக்கப்பட்டது. அதன் வடிவமைப்புக் கணக்கெல்லாம் அந்தக் காலத்துக்குப் புதுமையாகக் கணினியில் போடப்பட்டது. தரையிலேயே சட்டத்தைக் கோத்து முடித்து மேலே தூக்கி நிறுத்தும் கட்டத்தில், கூரை தன் எடையால் தாழ்ந்த அளவு கணக்கில் வந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்ததை அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். கணக்குக்கும் நடைமுறைக்கும் இப்படி வேறுபாடு வருவது சகஜம்தான் என்ற பதிலோடு அது முடிந்துபோனது. 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனியின் பளு ஏறியிருந்த நிலையில், கூரை மொத்தமாக இடிந்து விழுந்தது. கூடைப்பந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த ஏறத்தாழ 5,000 பேர் சில மணி நேரத்துக்கு முன்புதான் வெளியேறியிருந்தார்கள். மேல் தண்டுகள் பக்கவாட்டில் வளையாதபடி தாங்கிப் பிடிக்கப்பட்டுள்ளன என்று கணினியிடம் சொல்லப்பட்டிருந்தது. கட்டப்பட்ட கூரையில் அந்தத் தாங்குதல் போதிய அளவு இல்லை. இரண்டு மடங்கு தாழ்ந்த அந்தக் கூரை, தன் மொழியில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரியான கருவியையே அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது வேறொரு வகை ஆபத்து. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ஓடம் கிளம்பிய 82ஆவது நொடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியதைப் படச்சுருளில் பார்த்தார்கள். விண்ஓடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, அந்த மோதலால் என்ன சேதம் ஆகியிருக்கும் என்று ‘கிரேட்டர்’ என்ற கணக்கீட்டு நிரலில் போட்டுப் பார்த்தார்கள். சிறு சிறு துண்டுகளை விண்ஓடத்தின் வெப்பக் காப்பு ஓடுகள்மேல் மோதவிட்டுச் செய்த சோதனைகளை அடிப்படையாகக் கொண்ட நிரல் அது. மோதிய நுரையோ அந்தச் சோதனைத் துண்டுகளைப்போல் 600 மடங்குக்கும் மேல் பெரியது. ஓட்டின் முழுத் தடிமனையும் தாண்டிச் சேதம் ஆகலாம் என்றே நிரல் விடை தந்தது. ஆனால் இந்த நிரல் எப்போதும் சற்று மிகைப்படுத்தியே சொல்லும் என்ற பழைய அனுபவத்தை வைத்து அந்த விடையைத் தள்ளிவிட்டார்கள்; சிறு துண்டுகளுக்குப் பொருந்திய அந்த அனுபவம் 600 மடங்கு பெரிய துண்டுக்கும் பொருந்துமா என்று உறுதிசெய்யப்படவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ஓடம் சிதறி ஏழு பேரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில், அதே அளவுள்ள நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கையின் உண்மையான முன்விளிம்புப் பலகைமேல் எய்து பார்த்தார்கள். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகல நீளத்தில் ஓட்டை விழுந்தது. அதற்கு முன்புவரை, அவ்வளவு இலேசான நுரையால் அப்படி ஒரு சேதம் விளையும் என்று நம்ப மறுத்தவர்கள் பலர்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அதைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம். சிமுலேஷன் சொன்ன எச்சரிக்கையை, அது சிமுலேஷன்தானே என்று ஒதுக்கி வைப்பது அது. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்துக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட ஆழிப்பேரலையின் உயரம் 6 மீட்டருக்கு அருகில்தான் இருந்தது. 2008இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஒரு கணக்கீட்டில், அந்தக் கடல் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் அலை 15.7 மீட்டர்வரை ஏறலாம் என்று விடை வந்தது. மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லப்பட்டதே தவிர, உயரமான தடுப்போ நீர் புகாத ஏற்பாடோ அதைக் கொண்டு செய்யப்படவில்லை. 2011 மார்ச் 11 அன்று வந்த அலை ஏறத்தாழ அந்த உயரத்துக்கே வந்தது. ஒரு கணினிக் கணக்கு சாதகமான விடை தந்தால் அதை ‘உறுதி’ என்றும், பாதகமான விடை தந்தால் ‘வெறும் அனுமானம்’ என்றும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு நாட்டுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ மட்டும் உரியதல்ல. நான் கலந்துகொண்ட பல கூட்டங்களில் சிறிய அளவில் அதைப் பார்த்திருக்கிறேன். 

நம்பகத்தன்மைக் கணக்குகளில் இந்தப் பழக்கம் இன்னும் எளிதாக மறைந்துகொள்கிறது, ஏனென்றால் அங்கே உடையும் சுவரோ நடுங்கும் சட்டமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. நிகழ்தகவு எண்கள் மட்டுமே இருக்கும். ஒரு குளிர்விப்பு அமைப்பில் ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடட்டும் என்று இரண்டு பம்புகள் வைக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் நேரத்தில் ஒரு பம்பு ஓடாமல்போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நின்றுபோகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. கேட்பதற்கு மிகவும் ஆறுதலான எண். ஆனால் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் வருவதாலோ, இரண்டையும் ஒரே ஆள் ஒரே தவறோடு பழுதுபார்ப்பதாலோ, இரண்டும் ஒரே அறையில் வெள்ளம் புகும் உயரத்தில் இருப்பதாலோ, பழுதுகளில் பத்தில் ஒன்று இரண்டையும் ஒருசேரத் தாக்கும் என்று வையுங்கள். அந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு அனுமானம் மாறியதில் ஆபத்து நூறு மடங்கு கூடிவிட்டது. கணினி இரண்டு விடைகளையும் ஒரே நம்பிக்கையோடுதான் அச்சிட்டுத் தரும். ஃபுகுஷிமாவில் காப்பு ஜெனரேட்டர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. பெரும்பாலானவற்றை முடக்க ஒரே வெள்ளம் போதுமானதாக இருந்தது.

இதே போன்ற அரிய நிகழ்வுகளைத் தாய உருட்டல்போல் கணினியில் கோடிக்கணக்கான முறை நடத்திப் பார்க்கும் முறைக்கு ‘மான்டி கார்லோ’ என்று பெயர்; 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கணிதவியலாளர்கள் உலாமும் ஃபான் நாய்மனும் உருவாக்கியது. பத்து லட்சத்தில் ஒருமுறை நிகழும் பழுதை நூறு தடவையாவது கண்ணால் பார்த்துக் கணிக்க வேண்டுமானால் 10 கோடி முறை நடத்தியாக வேண்டும். ஆயிரம் முறை நடத்திப் பார்த்தோம், ஒருமுறைகூடப் பழுதாகவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று ஓர் அறிக்கை சொன்னால், ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான ஆபத்தைக்கூட அது மறுத்துவிடவில்லை என்பதைப் படிப்பவர் அறிந்திருப்பது நல்லது. உலோகச் சோர்வுக் கணக்கிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் பளுவால் விரிசல் விழும் பற்றவைப்பு இணைப்புகளில், ஆயுள் என்பது தகைவின் (பொருளுக்குள் ஒவ்வொரு சதுர அளவிலும் ஏறும் விசையின்) மும்மடிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமைகிறது. தகைவைக் கணினி பத்து சதவீதம் குறைத்துக் காட்டினால் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தோன்றும். 30 ஆண்டு ஓடும் என்று எழுதிக்கொடுத்த இணைப்பு 22, 23 ஆண்டுகளிலேயே விரிசல் விடும். பத்து சதவீதத் தவறு எங்கள் வேலையில் பெரிய தவறே அல்ல; மிகவும் கவனமாகச் செய்தவர்களுக்கும் வரும்.

இப்படியெல்லாம் எழுதுவதால் சிமுலேஷனை விட்டுவிட்டு எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரடிச் சோதனையும் ஏமாற்றும். 1954இல் இரண்டு காமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. உடல்கூட்டை அழுத்திச் சோதித்த பிறகே அவை பறக்க விடப்பட்டிருந்தன. ஆனால் சோர்வுச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட அதே கூட்டை அதற்கு முன்பு மிகை அழுத்தத்துக்கும் உட்படுத்தியிருந்தார்கள். அந்த மிகை அழுத்தமே அந்தக் குறிப்பிட்ட கூட்டின் உலோகத்தைச் சோர்வுக்கு எதிராகப் பலப்படுத்திவிட்டதால், அது மற்ற விமானங்களைவிட நீண்ட ஆயுளைக் காட்டியது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு மையத்தில் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறப்பின் அழுத்த ஏற்ற இறக்கத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஆகவே எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியைக் கணினியிடம் மட்டுமல்ல, சோதனைக் கூடத்திடமும் கேட்டாக வேண்டும்.

ஒப்பிடுதல் சரியாக நடந்த ஒரு நிகழ்வையும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல நடைமுறை எப்படி இருக்கும் என்பது அதில் தெரிகிறது. விமான இறக்கை தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய பளுவைப்போல் 1.5 மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை கணினியில் மிகவும் விரிவாக ஆராயப்பட்டது. இருந்தும் 2006 பிப்ரவரியில், முழு அளவு இறக்கையை நீரியல் தண்டுகளால் மேல்நோக்கி இழுத்துச் சோதித்தார்கள். 1.45 மடங்கைத் தாண்டி, 1.5ஐ எட்டுவதற்குச் சற்று முன்பு இறக்கை முறிந்தது. கணினி எவ்வளவு நெருக்கமாக வந்துவிட்டது என்பதற்கும், அந்த நெருக்கம் போதாது என்பதற்கும் அந்த ஒரே சோதனை சாட்சி. முறிந்த இடத்தை ஆராய்ந்து பலப்படுத்தினார்கள்; கணினி மாதிரியைத் திருத்தினார்கள்; அதன் பிறகே சான்றிதழ். யாரும் வெட்கப்பட வேண்டிய எதுவும் அதில் இல்லை. விதி ஒன்று இருந்தது, அளவீடு ஒன்று நடந்தது, கணக்கு அதற்குப் பணிந்தது.

இந்த ஒழுங்கை எழுத்தில் கொண்டுவரும் முயற்சிகளும் நடந்துள்ளன. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2006இல் கணினிக் கட்டமைப்பு ஆய்வுகளைச் சரிபார்ப்பதற்கும் மெய்ப்பிப்பதற்கும் வழிகாட்டி வெளியிட்டது. கொலம்பியா விபத்துக்குப் பிறகு நாசா 2008இல் தன் மாதிரிகளுக்கும் சிமுலேஷன்களுக்கும் தனியே ஒரு தரவிதியை வகுத்து, முடிவெடுப்பவரிடம் விடையைத் தரும்போது அந்த விடை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. நான் வேண்டுவதெல்லாம், பொறியாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கும் இந்த முறை பொதுமக்களிடம் பேசும்போதும் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதே. மக்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்தக் கட்டுமானத்துக்கும் கணினி ஆய்வைச் சான்றாகக் காட்டுபவர்கள், அதன் அனுமானங்களைச் சாதாரண மொழியில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி வெளியிட வேண்டும். அந்த ஆய்வைச் செய்தவரின் சம்பளத்தையோ ஒப்பந்தத்தையோ சாராத வேறொருவர் தனியே கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதே கோப்பை வாங்கித் திறந்து பார்த்துக் கையெழுத்திடுவது சரிபார்ப்பு ஆகாது. கட்டி முடித்த பின் ஒருமுறையாவது பளு ஏற்றி, தாழ்வையும் அதிர்வையும் அளந்து, கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், காரணம் தெரியும்வரை திறப்பு விழாத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேண்டுகோள்தான் எல்லாவற்றிலும் கடினமானது என்பது எனக்குத் தெரியும். வேலை செய்த இடங்களில் தேதியோடு மோதி நான் தோற்றதும் உண்டு.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, நாள் கணக்கில் ஓடும் சிமுலேஷனின் விடையை நொடியில் ஊகித்துச் சொல்லும் கருவிகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. வேகம் வரவேற்கத்தக்கது. ஆனால் அவை கற்றுக்கொள்வது பழைய சிமுலேஷன்களின் விடைகளிலிருந்து என்றால், காரையில் வெற்றிடம் இல்லை என்று நான் தவறாக வைத்துக்கொண்ட அனுமானத்தையும் அவை சேர்த்தே கற்றுக்கொள்ளும். சுத்தியலும் உணரியும் அப்போதும் வேண்டியிருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ‘கணினி சிமுலேஷன் மூலம் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது’ என்ற வரி தங்கள் மேசைக்கு வரும்போது, அதை அனுப்பியவரிடம் தங்கள் செய்தியாளர் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இந்தக் கணக்கில் எதையெல்லாம் உண்மையென்று வைத்துக்கொண்டீர்கள்? விடையை எந்த அளவீட்டோடு ஒப்பிட்டீர்கள்? பதில் கிடைத்தால் அதையும் அந்த வரியோடு சேர்த்து அச்சிடுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், பதில் தரவில்லை என்று அச்சிடுங்கள். 

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பொறியாளர்